வளையத்துக்குள் எத்தனை தண்டு

சஸ்காட்செவனில் காற்றுக்கு முதுகு கிடையாது,
எந்தப் பக்கம் பார்த்தாலும் முகம்தான்.
நேராகப் போக வேண்டுமானால்
வண்டியைத் தெற்கே சாய்த்தபடியே ஓட்ட வேண்டும்,
நானூறு கிலோமீட்டராக ஒரே தோளால்
திறக்காத கதவைத் தள்ளுகிறவள் போல.

பிராண்டனில் கிளம்பும்போது கணக்கு எளிது.
ஆயிரம் கிலோமீட்டர், இரண்டு பகல்.
திங்கட்கிழமை லெத்பிரிட்ஜில் புது வேலை:
கிழங்கு லாரிகளை நிறுத்தி எடை எழுதுவது.
கையுறைக்குள் விரல் மரத்துப்போனது கணக்கில் இல்லை.
ரெஜைனா தாண்டி நெடுஞ்சாலையை மறித்துவிட்டு
மண்சாலைக்குத் திருப்பிவிடுவார்கள் என்பதும் இல்லை.

காலையில் ஓர் ஆளி வயலைப் பார்த்து
ஏரி என்று ஏமாந்தேன். அவ்வளவு நீலம்.
இதழெல்லாம் மதியத்துக்குள் உதிர்ந்துவிடுமாம்.
மதியம் எனக்குக் கிடைத்தது
மேகத்தின் பச்சை அடிவயிறு.

முதல் கல் தலைக்கவசத்தில் விழுந்தபோது
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்தேன்.
உண்மையிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
கொட்டகை வாசலில், இரண்டு கையையும் உயர்த்தி,
லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர் மாதிரி
வா வா வா இடது இடது நில்.

ஓரெஸ்ட் கோவால்சுக். பெயரைச் சொன்னது
பதினோரு நிமிடம் கழித்துத்தான்.
அதுவரை தகரக் கூரையின் கீழ்
ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை.
வெளியே பார்க்காமல்
தொப்பியைக் கழற்றி என் இருக்கையைத் துடைத்தார்.
சங்கிலியைத் தொட்டுப் பார்த்து
எண்ணெய் இல்லை என்று தலையசைத்தார்.
வெளியே அவருடைய அறுநூறு ஏக்கர் கனோலா
நின்றுகொண்டிருந்தது, அல்லது நிற்கவில்லை.

பிறகு அமைதி.
முட்டைக்கோஸ் நறுக்கிய வாசனை.
மஞ்சள் முழுவதும் தரையில் கிடந்தது.

அவர் மனைவி நெட்டி ரப்பர் பூட்ஸில் வந்தாள்,
கையில் பென்சில், விதைமூட்டையில் கிழித்த காகிதம்.
"இன்ஷூரன்ஸ் ஆள் வர நாலு நாளாகும்.
அதுவரை தூங்க வேண்டாமா?"
ஆணியில் தொங்கிய
பழைய சைக்கிள் விளிம்பை எடுத்து
என்னிடம் நீட்டினார் ஓரெஸ்ட்.
"நீ எறி. கண்ணை மூடிக்கிட்டு எறி.
என் கைக்கு இந்த வயலைத் தெரியும்,
அது பொய் சொல்லும்."

எறிந்தேன். விழுந்த இடத்தில் மண்டியிட்டோம்.
நிற்பவை பதினான்கு, ஒடிந்தவை பதினொன்று.
மறுபடி. ஒன்பது, பதினாறு.
வளைந்து கிடந்த ஒன்றை நான் ஒடிந்ததில் சேர்க்க
அவர் நிமிர்த்திப் பார்த்து
"இதை நாளைக்குக் கேட்கலாம்" என்றார்.
அதற்கு நெட்டி ஒரு தனிப் பத்தி போட்டாள்.

ஐந்தாவது எறிதலில்தான் கேட்டேன்,
எந்த எண் வந்தால் நல்லது என்று.
பாதிக்கு மேல் போயிருந்தால் பணம் வரும்.
கால்வாசிதான் என்றால் பயிர் தேறும்.
"நடுவில் நின்றால்?"
அவர் முழங்கால் சேற்றைத் தட்டிக்கொண்டார்.

இருபது முறை எறிந்தேன்.
கடைசியில் பிரார்த்தனைகூடச் செய்ய வந்தது,
எந்தப் பக்கத்துக்கென்றுதான் தெரியவில்லை.
நெட்டி கூட்டினாள். மறுபடி கூட்டினாள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"நூற்றுக்கு நாற்பத்திரண்டு" என்றாள்.
"சூப் இருக்கிறது" என்றாள்.

நான் குடிக்கும் நேரத்தில்
என் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில்
செங்கல்லாக இறுகியிருந்த களிமண்ணைச்
சுரண்டிக்கொண்டிருந்தார் அவர்,
சாயம் பூசுகிறவர்களின் தட்டைக் கத்தியால்.
ரொம்ப நேரம் சுரண்டினார்.
சுத்தமான பிறகும் சுரண்டினார்.
போகும்போது சங்கிலிக்கு எண்ணெய் விட்டு
காசு வாங்க மறுத்தார்.
"லெத்பிரிட்ஜில் யார் லாரியையும்
குறைத்து எழுதாதே" என்றார்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சூடான எஞ்சினின் செதில்களில்
ஒட்டியிருந்த இதழ்கள் கருகி
அறுபது கிலோமீட்டர் வரை மணத்தன.
ஸ்விஃப்ட் கரண்டில் பெட்ரோல் போட நின்றபோதுதான்
உறைத்தது, காற்று மாறிவிட்டது.
இனி வடக்கிலிருந்து.
மறு தோளால் தள்ள வேண்டும்,
அது இன்னும் பழகவில்லை.